பயத்துக்குக் காரணம் இருக்கிறது
ஆஸ்திரேலியப் பூர்வகுடித் தாய்மார் மருத்துவமனைக்குத் தயங்குவது விழிப்புணர்வு இல்லாததால் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வீட்டிலிருந்து அதிகாரிகளால் வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டதாக, இதைப் பற்றி அந்நாட்டில் நடந்த விசாரணையின் 1997 அறிக்கையே சொல்கிறது. சில சிசுக்களைப் பிரசவ வார்டிலிருந்தே தூக்கிப்போனார்கள். பாட்டிக்கு அது நடந்திருந்தால் பேத்தி எந்த நம்பிக்கையில் அங்கே போய்ப் படுப்பாள்? மேலே ஒரு வாசகர், பொது மருத்துவமனை இருக்கும்போது பூர்வகுடியினருக்குத் தனி மருத்துவ நிலையம் எதற்கு என்கிறார். 1971இல் சிட்னி ரெட்ஃபெர்னில் அம்மக்கள் தாங்களே மருத்துவ நிலையம் தொடங்கியது இதற்காகத்தான் ஐயா. நிர்வாகம் அவர்கள் கையில். சொந்தச் சனமே வரவேற்று உட்காரவைக்கும், அதனால் நோயாளி வாய்விட்டுப் பேசுவார். இன்று நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இதே வழியில் நடக்கின்றன.