ஜூன் மாதத்துக்கு எத்தனை பக்கம்?

இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த போரைப் பற்றி எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று இன்பாக்ஸில் அடிக்கடி கேட்கிறீர்கள். தலைப்புகளைச் சொல்வதைவிட நான் எப்படிப் பார்த்து வாங்குகிறேன் என்று சொல்கிறேன்.

புத்தகம் கைக்கு வந்ததும் நேராக 1945 மே மாதக் கடைசிக்குப் போவேன். ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை கரையிறங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஜப்பானின் 32ஆம் படைக்கு ஷூரி கோட்டையின் அடியில் குடைந்த சுரங்கத்தில் தலைமையகம். அங்கேயே நின்று சாவதா, தீவின் தெற்கு முனைக்கு நகர்ந்து இன்னும் கொஞ்ச நாள் இழுப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, தளபதி உஷிஜிமா தெற்கு என்று முடிவெடுத்தார். தீவு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறதோ, ஜப்பானின் பெருநிலத்துக்கு அத்தனை நாள் அவகாசம் என்பது கணக்கு. அடைமழையின் மறைவில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் நழுவிப் போனார்கள்.

நான் படித்த பெரும்பாலான புத்தகங்கள் இதைச் 'சாமர்த்தியமான பின்வாங்கல்' என்று மெச்சி இரண்டு பக்கத்தில் கடந்துவிடுகின்றன. எனக்கு வயிறு எரிகிற இடம் இதுதான். அந்தத் தெற்கு முனையில்தான் குழந்தை குட்டிகளோடு ஊர் மக்கள் ஏற்கெனவே குகைகளில் ஒண்டியிருந்தார்கள். ஜப்பானியப் படை வந்ததும் பல குகைகளிலிருந்து அவர்களை வெளியே துரத்தினார்கள். வெளியே கடலிலிருந்தும் வானிலிருந்தும் குண்டுமழை. பொதுமக்களில் மிகப் பலர் செத்தது இதற்குப் பிறகு, ஜூன் மாதத்தில்தான். மாகாண அரசின் கணக்கில் அமெரிக்கர் 12,520 பேர் இறந்தார்கள். ஒகினாவா பொதுமக்கள் ஏறத்தாழ 94,000 பேர். ஏழு மடங்குக்கும் மேல்! படையில் சேர்க்கப்பட்டு மாண்ட உள்ளூர்க்காரர்கள் 28,228 பேர் இதில் சேரவில்லை.

ஹிமெயூரி என்று அழைக்கப்படும் ஒகினாவா பள்ளி மாணவிகளைப் பாருங்கள். ராணுவ மருத்துவமனை வேலைக்கு மாணவிகளும் ஆசிரியர்களுமாக 240 பேரை அழைத்துப் போனார்கள். குகைக்குள் புண்ணுக்குக் கட்டுப்போடுவது, வெட்டியெடுத்த கை கால்களைச் சுமந்துபோய் எறிவது, குண்டு விழும்போது தண்ணீர் எடுக்க ஓடுவது எல்லாம் அந்தப் பிள்ளைகள். ஜூன் 18 அன்று, 'உங்களைக் கலைத்துவிட்டோம், இனி உங்கள் பாடு' என்கிற மாதிரி உத்தரவு. அதுவரை இறந்தவர்கள் 19 பேர். அடுத்த சில நாட்களில் நூறு பேருக்கும் மேல். மொத்தம் 136. ஜூனை அவசரமாக முடிக்கிற புத்தகத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே இடம் இருக்கும்?

போர்முனையை இந்தப் புத்தகங்கள் நன்றாகவே எழுதுகின்றன, அதை மறுக்கமாட்டேன். கடும் சண்டை நடந்த சுகர் லோஃப் குன்றின் சேறு, எடுக்க முடியாமல் கிடந்த பிணங்கள், புத்தி பேதலித்த இருபது வயதுப் பையன்கள். படித்துவிட்டுத் தூங்க முடியாத இரவுகள் உண்டு. ஆனால் அந்தக் குன்றைச் சுற்றி ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன.

யோமிதான் என்ற ஊரில் இரண்டு குகைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். கரையிறங்கிய மறுநாள் சிபிச்சிரி குகையில், பிடிபட்டால் சித்திரவதைதான் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட மக்களில் 83 பேர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். பெற்ற கையாலேயே போன பிள்ளைகள் அதில் உண்டு. ஷிமுகு குகையில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் முன்பு ஹவாயில் பிழைத்துத் திரும்பியவர்கள். 'அமெரிக்கர்கள் சும்மா இருக்கிற ஜனங்களைக் கொல்லமாட்டார்கள்' என்று கூட்டத்தைத் தடுத்து, வெளியே போய்ப் பேசி, அத்தனை பேரையும் காப்பாற்றினார்கள். 'வெறிபிடித்த ஜப்பானியர் தற்கொலை செய்துகொண்டனர்' என்று ஒரே வரியில் எழுதுகிறவர் இந்த இரண்டு குகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்.

இன்னொன்றும் தேடுவேன். ஒகினாவா மொழியில் பேசுகிறவர்களை ஒற்றர்களாகக் கருதித் தண்டிக்கச் சொல்லி 32ஆம் படை உத்தரவு போட்டது. அம்மாவிடம் பேசுகிற மொழியைப் பேசினால் சாவு. முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தீவின் மக்களை எல்லாம் 'ஜப்பானியர்' என்ற ஒரே சொல்லில் அடைக்கிற புத்தகத்தில் இந்த உத்தரவு வராது, வரவும் முடியாது.

கடைசி அத்தியாயத்தை அணுகுண்டுக்கு ஒதுக்குகிற வழக்கமும் எனக்கு ஒப்பவில்லை. ஒகினாவாவில் இவ்வளவு சாவு, அதனால்தான் ஹிரோஷிமா என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வாதத்தைத் தனியாகப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் செத்த மக்கள் வேறொரு வழக்குக்குச் சாட்சியாக மட்டும் கூண்டேறுகிறார்கள். 1972 வரை அந்தத் தீவு அமெரிக்க ஆட்சியில் இருந்தது, ராணுவத் தளங்கள் இன்றும் இருக்கின்றன. அதை எழுத ஐந்து பக்கம்கூட மிஞ்சுவதில்லை.

வாங்குவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். பின்னால் சொல்லடைவில் ஒகினாவா ஊர்க்காரர்களின் பெயர் எத்தனை என்று பாருங்கள். பிறகு ஜூன் மாதத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள்.