மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்கு

கோலாலம்பூரில் சட்டம் படிக்கும் என் அக்காள் மகன், இறுதியாண்டு ஆய்வுக்குத் தொழில்நுட்பச் சட்டத்தை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான். “டெக்னாலஜி ஓடுது, சட்டம் பின்னால நடந்து வருதுன்னு எல்லாரும் சொல்றாங்களே மாமா, அதையே தலைப்பா வச்சுக்கவா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

நம் மலேசியாவில் அது அப்படி நடக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் இணையமே இல்லாத 1997ஆம் ஆண்டிலேயே மின்னிலக்கக் கையொப்பச் சட்டத்தையும் கணினிக் குற்றச் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றிவிட்டது. தொழில்நுட்ப நிறுவனங்களை ஈர்க்க அரசு தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்துக்கு முதலீட்டாளர்களை வரவழைக்க வேண்டியிருந்ததால், அப்போது சட்டம் முந்திக்கொண்டது. நம்முடைய தனிப்பட்ட விவரங்களைக் காக்க வந்த சட்டமோ 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. யாருக்காகச் சட்டம் விரைகிறது, யாரைக் காத்திருக்க வைக்கிறது என்று தேடிப் பார்க்கும்படி அவனிடம் சொன்னேன்.

2017 அக்டோபரில், நாட்டின் மக்கள்தொகையையும் மிஞ்சும் அளவில் 4.6 கோடிக்கு மேற்பட்ட கைப்பேசி எண்கள் கசிந்தது வெளியில் தெரிந்தது. கசிவைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமை அன்று அந்தச் சட்டத்தில் இல்லை. நானும் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கசிவை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் அறிவிக்க வேண்டும் என்ற விதி, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக, 2025 ஜூன் 1 முதல்தான் நடப்பில் உள்ளது.

அந்தத் திருத்தமும் தொடாமல் விட்ட இடம் மூன்றாம் பிரிவு. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. நம் பிறப்பு, நோய், வரி, வழக்கு என அத்தனை விவரங்களையும் வைத்திருப்பவர்களே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அரசு வெறும் காவலாளியாக மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. புதிய கருவிகளை முதலில் கையில் எடுப்பதும் அதுதான். 2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலு நீதிமன்றத்தில், தண்டனையின் அளவைப் பரிந்துரைக்கச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பயன்பட்டபோது, வழக்கறிஞர் அரசியலமைப்பைக் காட்டி ஆட்சேபித்தார். செயற்கை நுண்ணறிவுக்கான தேசிய வழிகாட்டி 2024 செப்டம்பரில் வந்தது. விரும்பினால் பின்பற்றலாம், மீறினால் தண்டனையில்லை.

போன சனிக்கிழமை செந்தூலில், என்னிடம் வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரர் ஒருவரின் அடுக்குமாடிக்குப் போயிருந்தேன். வாசலில் இருந்த பாதுகாவலர், அறுபது வயதைக் கடந்த தமிழர், என் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கித் தம் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்தார். அந்தப் படம் எங்கே போகும் என்று கேட்டேன். “மேனேஜ்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும் ஐயா” என்றார். அந்தக் குழுவில் எத்தனை பேர், படத்தை எப்போது அழிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இதை அவனிடம் சொன்னபோது குறித்துக்கொண்டான். சட்டப் புத்தகத்தை விரிப்பதற்கு முன், அப்படிப்பட்ட பத்து வாசல்களுக்குப் போய், எடுத்த படம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.