மஸ்தாவைக் காப்பாற்றியது யார்?

ஜப்பான் கார் கம்பெனி மஸ்தாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே அடுத்த வார்த்தை ரோட்டரி இன்ஜின்தான், பிஸ்டன் மேலும் கீழும் போகாமல் முக்கோண ரோட்டர் சுற்றுகிற இன்ஜின். கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர்கள் யாரிடம் கேட்டாலும் அந்த முக்கோண ரோட்டரைப் பற்றியும், 1991ல் பிரான்ஸின் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற 787பி என்ற ரோட்டரி ரேஸ் கார் போட்ட அலறலைப் பற்றியும் நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும், அதில் தகராறு இல்லை. ஆனால் ரோட்டரிதான் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. பல வருடமாக மஸ்தாவின் கதையைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். ரோட்டரி அந்தக் கம்பெனியைக் குழிக்குள் தள்ளப் பார்த்தது. கைகொடுத்துத் தூக்கியவர்கள் வேறு ஆட்கள், அவர்களைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவு.

நம்மூரில் மஸ்தா என்றால் ஸ்வராஜ் மஸ்தா வேன். நான் பள்ளிக்கூடம் போனதே அதில்தான். பஞ்சாப் கம்பெனி ஒன்று 1980களில் ஜப்பான் மஸ்தாவோடு கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த வண்டி என்பதோ, அந்தப் பெயருக்குப் பின்னால் ஹிரோஷிமா நகரம் இருக்கிறது என்பதோ அப்போது எங்கே தெரியும்.

ஆரம்பம் காரே இல்லை, தக்கை. பாட்டில் மூடிக்கும் இயந்திரங்களுக்கும் போடுகிற கார்க்தான். 1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் டோயோ கார்க் என்று ஒரு சிறு கம்பெனி தொடங்கியது. அடுத்த வருடம் அதன் தலைவரானவர் ஜூஜிரோ மட்சுதா. மீனவர் வீட்டுப் பிள்ளை, சின்ன வயதிலேயே ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் தொழில் கற்றவர். கார்க் வியாபாரம் அவருக்குப் போதவில்லை, இரும்புதான் கைக்குப் பழகியது. 1927ல் கம்பெனிப் பெயரிலிருந்து கார்க் போனது. 1931ல் மஸ்தா-கோ என்ற மூன்று சக்கர லாரி வந்தது. பெயர் பாரசீகத்தின் அஹுரா மஸ்தா என்ற தெய்வத்திலிருந்து எடுத்தது, முதலாளியின் குடும்பப் பெயரோடும் ஒத்துப்போனது. ஜப்பானில் இன்றும் அதை மட்சுதா என்றுதான் சொல்கிறார்கள்.

போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலை ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தது. இதை மறைத்துவிட்டுக் கதை சொல்வது சரியில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

1945 ஆகஸ்ட் 6. அன்று ஜூஜிரோவுக்கு எழுபதாவது பிறந்தநாள். காலையிலேயே நகரத்துக்குள் போய் முடிவெட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், அதனால் பிழைத்தார். 8:15க்குக் குண்டு விழுந்தது. தொழிற்சாலை இருந்த ஃபுச்சூ, குண்டு விழுந்த இடத்திலிருந்து கிழக்கே 5 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் ஹிஜியாமா என்ற குன்று. அந்தக் குன்றுதான் கட்டிடங்களைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். கட்டிடம் நின்றதே தவிர, கம்பெனியின் ஆட்கள் 119 பேர் இறந்துபோனார்கள். நகரத்தில் அரசு அலுவலகம் எதுவும் மிச்சமில்லை, அதனால் மாவட்ட நிர்வாகமே இந்தத் தொழிற்சாலைக்குள் வந்து உட்கார்ந்து 1946 ஜூலை வரை அங்கிருந்துதான் வேலை பார்த்தது. காயம்பட்டவர்களுக்கு அடைக்கலமும் அங்கேதான்.

அந்த வருடம் டிசம்பரிலேயே மூன்று சக்கர லாரி மறுபடி வெளியே வந்தது. நான்கே மாதம். இடிபாடுகளை அள்ளிக் கொட்டவும், மரம் கொண்டுவரவும், ஊரைத் திரும்பக் கட்டவும் ஓடிய வண்டிகளில் அவையும் உண்டு. அந்த ஊருக்கும் கம்பெனிக்கும் உள்ள உறவை இங்கிருந்து பார்த்தால்தான் பின்னால் நடந்ததெல்லாம் புரியும்.

இப்போது ரோட்டரிக்கு வருவோம். ஏதோ கனவு கண்ட பொறியாளர்களின் காதல் கதை போல இதைச் சொல்வார்கள். தொடக்கம் அப்படி இல்லை, பயத்தில் வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் வர்த்தக, தொழில்துறை அமைச்சகம் நாட்டில் கார் செய்யும் கம்பெனிகள் அதிகம், சிறியதைப் பெரியதோடு சேர்த்துவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மஸ்தா அப்போதுதான் 1960ல் ஆர்360 என்ற குட்டிக் காரோடு பயணிகள் கார் சந்தைக்குள் காலடி வைத்திருந்தது. டோக்கியோவிலிருந்தும் நகோயாவிலிருந்தும் தூரத்தில் இருக்கிற ஓர் ஊர்க் கம்பெனி, டொயோட்டாவோ நிசானோ விழுங்கிவிட்டால் ஹிரோஷிமாவில் என்ன மிஞ்சும்? யாரிடமும் இல்லாத ஒன்று தன் கையில் இருக்க வேண்டும் என்று ஜூஜிரோவின் மகன் சூனேஜி நினைத்தார். ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியிடம் ஃபெலிக்ஸ் வாங்கெலின் ரோட்டரி இன்ஜினுக்கு உரிமம் வாங்கினார்.

வாங்கி வந்த பொருளோ பாதி வெந்த சோறு. இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலைத் தோடு மாதிரி ஓர் அறை, அதற்குள் முக்கோண ரோட்டர் சுற்றுகிறது. மூன்று முனைகளும் சுவரை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே போக வேண்டும். முனையில் இடைவெளியை அடைக்க இருக்கும் சீல் அதிர அதிரச் சுவரில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்தது. பிசாசின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். 1963ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அமைந்தது. 47 சாமுராய்கள் என்ற பழைய ஜப்பானியக் கதையை ஒட்டி அவர்களையும் அப்படியே அழைத்தார்கள். யமமோட்டோ ஹிரோஷிமாவில் தங்கையைப் பறிகொடுத்தவர், போர் முடிந்தபின் இதே தொழிற்சாலையில் மூன்று சக்கர லாரிக்குக் கியர்பாக்ஸ் பூட்டும் வேலையில் தொடங்கியவர். அலுமினியமும் கார்பனும் கலந்த சீலைக் கண்டுபிடித்து அந்தக் கீறலை அடக்கினார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டி நான்காவதாக வந்தார்கள். கண்டுபிடித்த நாட்டின் என்எஸ்யூவோ, ரோட்டரி கார்களின் பழுதுச் செலவில் தத்தளித்து 1969ல் வோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் போய்விட்டது. இதுவரைக்கும் நானும் கைதட்டுவேன்.

சிக்கல் அப்புறம்தான். வெற்றி தலைக்கேறி, ஒவ்வொரு மாடலிலும் ரோட்டரி என்று போனார்கள். அந்த இன்ஜினில் எரியாமல் வெளியேறும் எரிபொருள் அதிகம். அமெரிக்கப் புகை விதிகளுக்காக, அதை வெளியேறும் வழியிலேயே எரிக்க ஒரு தெர்மல் ரியாக்டர் வைத்தார்கள். அது அணையாமல் எரிய, கலவையில் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் கூட்ட வேண்டும். புகையைச் சுத்தமாக்க பெட்ரோலைக் கொட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் சோதித்து, நகரத்துக்குள் கேலனுக்குச் சுமார் 10 மைல் என்றது. நம் கணக்கில் லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர்! லாரி தோற்றது போங்கள். அமெரிக்க விற்பனை அடுத்த வருடமே ஏறக்குறைய பாதியானது. ரோட்டரி செய்யக் காத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ்கூட 1974ல் பின்வாங்கியது. விற்காத கார்கள் குவிந்தன. அப்போது தலைவராக இருந்த ஜூஜிரோவின் பேரன் கோஹெய் மட்சுதா ரோட்டரியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் உற்பத்தியைக் குறைக்கத் தாமதித்தார். அது அவருடைய பெரிய தவறு என்பது என் கருத்து. கடைசியில் சுமிடோமோ வங்கி தன் ஆட்களை உள்ளே அனுப்பிக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டது.

நான் சொல்ல வந்த ஆட்கள் இங்கேதான் வருகிறார்கள்.

ஆட்களை நேரடியாக வெளியே அனுப்பவில்லை. ஓய்வு பெற்றவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டே சில வருடங்களில் சுமார் 10,000 பேரைக் குறைத்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் சுமார் 5,000 பேரை, முறை வைத்து, ஜப்பான் முழுக்க இருந்த விற்பனை நிலையங்களுக்கு அனுப்பினார்கள். யார் இவர்கள்? லேத் ஓட்டியவர், வெல்டிங் அடித்தவர், அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். ஹிரோஷிமாவை விட்டு வெளியே வாழ்ந்தே பழகாத பலர், பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, தெரியாத நகரத்தில் விடுதி அறையில் தங்கி, காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசலில் நின்று கும்பிட்டுக் கார் விற்றார்கள். ஜப்பானில் அன்று கார் விற்பனையே பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் நடந்தது. ஏற்கெனவே பெட்ரோல் குடிக்கிற வண்டி என்று பேர் கெட்டுப்போன காரை, பேசத் தெரியாத ஒரு ஃபிட்டர் விற்கப் போகிறார் என்றால் எத்தனை வாசலில் கதவு சாத்தப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தன் கையால் பூட்டிய இன்ஜினைப் பற்றி, பெட்ரோல் விலையால் நொந்துபோயிருக்கும் ஒரு வீட்டுக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்வதை, தலைகுனிந்து நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு லெ மான்ஸ் கோப்பையைவிட இது பெரிய விஷயம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு பக்கம் ஹிரோஷிமாவில் மஸ்தா வாங்குங்கள் என்று ஊரே ஓர் இயக்கமாகக் கிளம்பியது. அதே காலத்தில் அந்த ஊர் பேஸ்பால் அணி ஹிரோஷிமா கார்ப் 1972, 73, 74 என மூன்று வருடம் வரிசையாகக் கடைசி இடம். 1951ல் அணியிடம் காசில்லாமல் போனபோது மைதான வாசலில் சாராயப் பீப்பாய் வைத்து ஜனங்களிடம் சில்லறை வசூலித்துப் பிழைத்த அணி அது. பின்னால் மட்சுதா குடும்பம்தான் அதைத் தாங்கியது. 1975ல், கம்பெனி தரையில் கிடந்த அந்த வருடத்தில், சிவப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு அந்த அணி முதல்முறையாக லீக் பட்டம் வென்றது. அன்று ஹிரோஷிமாக்காரர்கள் அழுதது வெறும் பேஸ்பாலுக்காக என்று நான் நம்பமாட்டேன்.

1977 இறுதியில் கோஹெய் பதவி விலகினார். 1979ல் ஃபோர்டு கால்பங்கு வாங்கியது. 1980ல் சாதாரணப் பிஸ்டன் இன்ஜினோடு முன்சக்கர இழுவை ஃபமிலியா வந்து, 27 மாதத்தில் 10 லட்சம் வண்டி உற்பத்தியைத் தொட்டது. வாசல் வாசலாக நின்று ஜனங்களுக்கு என்ன கார் வேண்டும் என்று காதால் கேட்டுத் திரும்பிய ஆட்கள் தொழிற்சாலையில் இருந்ததும் அந்தக் காருக்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். ரோட்டரியும் சாகவில்லை. யமமோட்டோவின் ஆட்கள் எரிபொருள் சிக்கனத்தை 40 சதவீதம் கூட்டுவது என்று இலக்கு வைத்து உழைத்தார்கள், 1978ல் ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. லெ மான்ஸ் வெற்றி, சிகாகோவில் 1989ல் காட்டிய எம்எக்ஸ்-5, அது உலகிலேயே அதிகம் விற்ற, கூரை திறக்கிற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஆனது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுகிறேன்.

தெரியாதது அதற்கடுத்த சரிவு. பொருளாதாரம் வீங்கிக் கிடந்த காலத்தில் டொயோட்டா மாதிரி ஆகிறேன் என்று உள்நாட்டில் மஸ்தா, அன்ஃபினி, யூனோஸ், ஆட்டோஸாம், ஆட்டோராமா என ஐந்து விற்பனை வரிசைகள் திறந்தார்கள். வீக்கம் வடிந்ததும் எல்லாம் சுமையானது. விற்றால் போதும் என்று தள்ளுபடியை அள்ளிவிட, பழைய மஸ்தாவுக்கு மற்ற கம்பெனிக் கடைகளில் விலையே இல்லாமல் போனது. மஸ்தா கடைதான் ஓரளவு விலை தரும், ஆகவே மறுபடி மஸ்தாதான் வாங்க முடியும், உள்ளே விழுந்தால் வெளியே வர வழியில்லை. ஜப்பானியர்கள் அதற்கு மஸ்தா நரகம் என்றே பெயர் வைத்தார்கள். 1996ல் ஃபோர்டு தன் பங்கை 33.4 சதவீதமாக்கி, ஹென்றி வாலஸைத் தலைவராக்கியது. கார் செய்யும் ஜப்பான் கம்பெனி ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுவே முதல்முறை. 2000களில் உப்புத் தெளிக்கிற பனி நாடுகளில் சக்கர வளைவில் துரு ஏறுகிற கார் என்ற கெட்ட பேரும் சேர்ந்துகொண்டது, அது பொய்யும் இல்லை.

2008ல் ஃபோர்டு தன் கஷ்டத்தில் பங்குகளை விற்க ஆரம்பிக்க, நாலு வருடம் தொடர் நஷ்டம். காசில்லாத அந்தச் சமயத்தில் ஹைபிரிட் பக்கம் ஓடாமல் சாதாரண பெட்ரோல் இன்ஜினையே 14:1 அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு) வரைக்கும் கொண்டுபோய், டீசலை அதே 14:1க்கு இறக்கி, ஸ்கைஆக்டிவ் என்று 2012ல் சிஎக்ஸ்-5 காரில் முழுசாக இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார்கள். 2020 இறுதியில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் பத்திரிகையின் நம்பகத்தன்மைப் பட்டியலில் டொயோட்டாவையும் லெக்ஸஸையும் தாண்டி முதலிடம். நரகம் என்று பேர் வாங்கிய கம்பெனி!

அதனால்தான் 2024 ஜூன் செய்தி எனக்கு அவ்வளவு வலித்தது. சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு என்று டொயோட்டா, ஹோண்டாவோடு மஸ்தாவும் மாட்டியது. மோதல் சோதனையில் ஏர்பேக் தானாக விரியாமல் டைமர் வைத்து விரித்திருக்கிறார்கள், சோதனைக்காக இன்ஜின் மென்பொருளையும் மாற்றியிருக்கிறார்கள். கம்பெனி ஒப்புக்கொண்டது. மற்றவர்களும் செய்தார்களே என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. அந்தப் பெயரை மீட்க எந்த ஆட்கள் எந்த வாசலில் நின்றார்கள் என்பது அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

ரோட்டரி இன்ஜின் வைத்த பழைய ஆர்எக்ஸ்-8 கார் வாங்கலாமா என்று கேட்டிருந்த நண்பர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ரோட்டரி தெரிந்த மெக்கானிக்கை வைத்து, ரோட்டருக்கென்று இருக்கிற கருவியில் கம்ப்ரெஷன் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சூடான இன்ஜினை அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், திணறினால் திரும்பி வந்துவிடுங்கள். ஆயில் குடிக்கும், அது பழுது இல்லை, சீலுக்கு அது வேண்டும், அதனால் அளவுக்கோலை அடிக்கடி பாருங்கள். பனி நாட்டில் ஓடிய வண்டி என்றால் முதலில் குனிந்து அடிப்பாகத்தையும் சக்கர வளைவையும் பாருங்கள், இன்ஜின் பேச்சு அதற்கப்புறம்.