அந்த வீடியோவைப் பகிர்வதற்கு முன்

பிடிபட்ட சிப்பாயை மண்டியிட வைத்துப் பேட்டி எடுக்கிற வீடியோ எல்லாப் போரிலும் வந்துவிடுகிறது. நமக்கு வேண்டியவன் என்றால் அழுகிறோம், வேண்டாதவன் என்றால் கைதட்டுகிறோம். இரண்டாலும் அவனுக்குப் பயனில்லை. அந்த நேரத்தில் அவன் உயிரைக் காக்கக்கூடியது 15-க்கு 10.5 சென்டிமீட்டர் அளவுள்ள ஓர் அட்டை.

1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் 70-ஆவது பிரிவு அதைப் பற்றியது. முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை, ஜெனீவாவில் போர்க்கைதிகளின் பதிவை வைத்திருக்கும் மைய அமைப்புக்கு ஓர் அட்டை எழுதக் கைதியை அனுமதிக்க வேண்டும். மாதிரிப் படிவம் உடன்படிக்கையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறது. எந்த நாட்டுப் படை, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பதவி, படை எண், உறவினர் முகவரி, பிடிபட்ட நாள். பிறகு உடல்நிலை: நலம், காயமில்லை, குணமாகிவிட்டது, தேறிவருகிறேன், நோய், லேசான காயம், பலத்த காயம். பொருந்தாததை அடித்துவிட வேண்டும், வேறு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. ‘பலத்த காயம்’ அடிக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் வீட்டில் முதலில் தேடுவார்கள்.

அட்டை போய்ச் சேர்ந்துவிட்டால் அவன் கணக்கில் வந்துவிட்டான். செத்தால் சிறைப்பிடித்த நாடு இறப்புச் சான்று தர வேண்டும். காவலர் கையால் செத்தான் என்ற சந்தேகம் இருந்தால் விசாரணை நடத்த வேண்டும். செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி அவனைச் சாட்சி இல்லாமல் தனியே பார்த்துப் பேசலாம்.

ஆபத்தெல்லாம் அட்டைக்கு முந்தைய நாட்களில். கேள்வி கேட்டால் அவன் சொல்ல வேண்டியது பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண், அவ்வளவுதான். தலைக்கவசத்தைக்கூட அவனிடமிருந்து பிடுங்கக் கூடாது, அடையாள ஆவணம் இல்லாமல் அவன் ஒரு நொடியும் இருக்கக் கூடாது என்கிறது சட்டம். களத்தில் நடப்பது வேறு. கழுத்தில் தொங்கும் அடையாளத் தகட்டை நினைவுப்பொருளாக அறுத்துக்கொள்கிறார்கள். பிறகு வழியில் அவன் செத்தால் அது பெயரில்லாத பிணம்.

முகாமுக்குப் போன பிறகும் பதிவு அறுந்து போகலாம். ஆண்ட்ராஸ் தோமா என்ற ஹங்கேரியச் சிப்பாய் இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையிடம் பிடிபட்டார். 1947-இல் முகாமிலிருந்து மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மருத்துவமனைக்குப் போனவர்கள் கைதிகள் பட்டியலில் இருக்க மாட்டார்கள் என்பதால் அவர் பெயரும் போனது. அவர் பேசிய ஹங்கேரிய மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை, உளறல் என்று நினைத்துவிட்டார்கள். ஊர் திரும்பியது 2000 ஆகஸ்டில். ஐம்பத்து மூன்று ஆண்டுகள்! மருத்துவமனைக்கோ வேறு முகாமுக்கோ மாற்றினால் மறுபடியும் அட்டை எழுத விட வேண்டும் என்று 70-ஆவது பிரிவு சொல்வது இப்படி ஆகாமல் இருக்கத்தான்.

‘வீடியோவும் ஒரு சாட்சிதானே, மகன் உயிரோடு இருப்பதை வீட்டார் அதில்தானே தெரிந்துகொள்கிறார்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அந்த ஆறுதலை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் வீடியோவில் அவனுக்குக் கைதி எண் கிடையாது, முகாம் பெயர் கிடையாது. துப்பாக்கி முனையில் அவன் சொன்ன ஒரு வார்த்தை, ஊர் திரும்பியதும் துரோகி என்ற பட்டமாக அவன் மேல் விழலாம். 13-ஆவது பிரிவு கைதியை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்கிறது. அந்தக் கடமை சிறைப்பிடித்த அரசுக்கு. ஆனால் வேடிக்கை பார்க்கிற கூட்டம் நாம்தான்.

அப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டால் பகிராதீர்கள். இணைப்பையும், பார்த்த தேதியையும், அதில் தெரிகிற பெயரையும் படை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வீட்டாரைத் தெரியும் என்றால், காணாமல்போனவரைத் தேடித்தரக் கோரும் மனுவைத் தங்கள் நாட்டுச் சங்கத்தில் உடனே கொடுக்கச் சொல்லுங்கள். பெயரின் எழுத்துகளை அவனுடைய படை ஆவணத்தில் இருப்பது போலவே எழுதச் சொல்லுங்கள். வேறு மொழிக்குப் போகும்போது ஓர் எழுத்து மாறினாலும் அட்டை ஓரிடத்தில், தேடுபவர் ஓரிடத்தில் என்று ஆகிவிடும்.