முதலில் ஒரு கதையை முடியுங்கள்

சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் இனி அந்த வேடத்தில் இல்லை என்று 2022 டிசம்பரில் அறிவித்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அதே வருடம் அக்டோபர் 24ஆம் தேதி அவரே இன்ஸ்டாகிராமில் தோன்றி, சூப்பர்மேனாகத் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார். டிசம்பர் 14ஆம் தேதி அவரே, இனி தான் இல்லை என்று எழுதினார். இடையில் 51 நாட்கள். தாம்பூலம் மாற்றிய பிறகு வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறவர்களை நம் வீடுகளில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதவில்லை.

சூப்பர்மேன் படங்களை எடுக்கும் டிசி ஸ்டூடியோஸின் பொறுப்பை அப்போதுதான் ஏற்ற ஜேம்ஸ் கன் சொன்ன காரணம், சூப்பர்மேனின் வாழ்க்கையில் முந்தைய காலத்தைக் கதையாக எடுக்கப் போகிறார்கள், அதனால் கேவில் நடிக்க மாட்டார் என்பது. அதாவது மறுபடியும் முதலிலிருந்து. என் கோபமெல்லாம் இந்த ‘மறுபடியும் முதலிலிருந்து’ மீதுதான். புதிய நடிகர் வருவது ஒரு குற்றமே இல்லை. சொல்லிக்கொண்டிருந்த கதையை நடுத்தெருவில் விட்டுவிட்டு அடுத்த கதைக்குப் பிள்ளையார் சுழி போடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

என் அண்ணன் மகனுக்கு 2022இல் பதினாறு வயது. 2013 ஜூனில் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வந்தபோது ஏழு. படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் என் சிவப்புத் துண்டைச் சட்டைத் தோளில் இரண்டு ஊக்கால் குத்திக்கொண்டு திண்ணையிலிருந்து குதித்தான். முழங்காலில் தோல் உரிந்தது. மருந்து போடும்போது அழவில்லை, துண்டில் ரத்தம் பட்டுவிட்டதே என்றுதான் அழுதான். 2022 அக்டோபரில் அவனையும் அழைத்துக்கொண்டு அதே டிசியின் ‘பிளாக் ஆடம்’ படத்துக்குப் போனேன். படம் முடிந்து விளக்கு போட்டுவிட்டார்கள். பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. பாதி அரங்கம் காலி. துடைப்பத்தோடு இரண்டு அம்மாக்கள் கடைசி வரிசைக்கருகே நின்று, நாங்கள் எப்போது எழுந்திருப்போம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘கொஞ்சம் இரு அத்தை’ என்றான். புகைக்குள்ளிருந்து சூப்பர்மேனின் அந்த நீலச் சட்டை வெளியே வந்தது. 1978இல் சூப்பர்மேன் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட அந்தப் பழைய இசை எழுந்தது. மீசை முளைத்துவிட்ட பையன் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் நகம் பதிந்த இடம் வீட்டுக்கு வரும்வரை சிவந்திருந்தது.

அந்தப் பிடியை வைத்துத்தான் டிக்கெட் விற்றார்கள். இன்று அதற்குப் பொருளே இல்லை என்கிறார்கள்.

இது முதல் முறையாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். 2006இல் பிராண்டன் ரவுத் நடித்த சூப்பர்மேன் படம் நினைவிருக்கிறதா? அதில் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேனுக்கு ஒரு மகன் இருப்பான். மூச்சுத் திணறும் சின்னப் பையன். ஒரு கட்டத்தில் தன் அம்மாவைக் காப்பாற்ற ஒரு பியானோவையே நகர்த்தி எறிவான். அப்போதுதான் அவன் யாருடைய பிள்ளை என்று நமக்கு விளங்கும். கடைசியில் சூப்பர்மேன் தூங்கும் அந்தப் பிள்ளையின் கட்டிலருகே நின்று, தன் தந்தை தனக்குச் சொன்ன சொற்களை அவனுக்குச் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பையன் என்ன ஆனான்? பதினாறு ஆண்டுகளாகக் கேட்கிறேன். பதில் சொல்ல ஆளில்லை. 2013இல் சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகம் திரும்பவும் வெடித்தது, குழந்தை திரும்பவும் விண்கலத்தில் ஏறியது, அந்தப் பழைய பிள்ளை பிறக்கவே இல்லை என்றாகிவிட்டது.

ஸ்பைடர்மேனைப் பாருங்கள். இயக்குநர் சாம் ரெய்மியின் நான்காவது ஸ்பைடர்மேன் படம் 2011 மே மாதம் வருவதாக இருந்தது. 2010 ஜனவரியில் சோனி அதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கப் போவதாக அறிவித்தது. ஸ்பைடர்மேனை வளர்த்த, 2002இல் செத்துப்போன பென் மாமா 2012இல் இன்னொரு முறை சாக வேண்டியிருந்தது. சரி, அந்தப் புதிய கதையையாவது முடித்தார்களா? 2014இல் இரண்டாவது படம். கடைசிக் காட்சியில் ரைனோ என்ற வில்லனை நோக்கி ஸ்பைடர்மேன் இரும்பு மூடியைச் சுழற்றிக்கொண்டு பாய்கிறான், திரை இருள்கிறது. அந்த அடி விழுந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்தடுத்த படங்களெல்லாம் அறிவித்திருந்தார்கள். 2015 பிப்ரவரியில், ஸ்பைடர்மேன் காமிக்ஸை வெளியிடும் மார்வெலோடு சேர்ந்து புதிதாகத் தொடங்க ஒப்பந்தம். அந்த இரண்டு படங்களில் ஸ்பைடர்மேனாக நடித்த ஆண்ட்ரூ கார்பீல்டின் கதை அத்தோடு போயிற்று.

2021இல் மூன்று ஸ்பைடர்மேன் நடிகர்களும் ஒரே படத்தில் வந்தபோது அரங்கத்தில் எல்லோரும் எங்கே அழுதார்கள்? கீழே விழும் பெண்ணைக் கார்பீல்ட் பாய்ந்து பிடித்த இடத்தில். 2014இல் காதலி குவென் ஸ்டேசியைப் பிடிக்க முடியாமல் போன அதே கை. ஏழு ஆண்டுகள் அந்தக் கை நீண்டபடியே இருந்தது. தரையில் இறக்கிவிட்டு அவன் முகம் கோணியதைப் பார்த்தவர்கள், முடிக்காத கதை பார்க்கிறவர் மனத்தில் என்ன செய்யும் என்று என்னிடம் கேட்க மாட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், பாதி காரணம் ஒப்பந்தப் பத்திரம். பணத் தட்டுப்பாட்டுக் காலத்தில் மார்வெல் தன் பாத்திரங்களின் படவுரிமையை ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. வாங்கியவர் குறித்த காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும். அதனால் சொல்வதற்குக் கதை இருக்கிறதோ இல்லையோ, கேமரா ஓட வேண்டும். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ கதையை 1992–93இல் சுமார் பத்து லட்சம் டாலரில் ஒரு படமாக எடுத்தார்கள். நடித்தவர்கள் அது திரைக்கு வரும் என்று நம்பியிருந்தார்கள். வரவே இல்லை. பிறகு 2005, 2007, அதையும் விட்டுவிட்டு 2015இல் இன்னொரு தொடக்கம், 2022இல் நான்காவது முறையாக இன்னொன்றுக்கு இயக்குநரை அறிவித்தார்கள். குத்தகை நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க நாலு பிடி எள்ளைத் தூவிவைப்பது போன்ற வேலை. அந்த வயலில் விளைந்ததை நாம் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

ஜேம்ஸ் பாண்டாக எத்தனை பேர் மாறினார்கள், அப்போது கோபம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. 1962 முதல் 2002 வரை ஐந்து பேர் நடித்தார்கள். யாருக்காகவும் கதையை முதலிலிருந்து தொடங்கவில்லை. கருவி செய்து தரும் கியூ பாத்திரத்தில் டெஸ்மண்ட் லெவலின் 1963இல் தொடங்கி 1999 வரை அந்த ஐந்து பேருக்கும் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். முகம் மாறியது, வீடு மாறவில்லை. நான் கேட்பது அவ்வளவுதான்.

2005இல் நோலன் பேட்மேனை முதலிலிருந்து தொடங்கவில்லையா? தொடங்கினார். 1997இல் அந்தத் தொடர் தரைதட்டி நின்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முக்கியமாக, 2012இல் அவர் முடித்தார். எடுத்ததை முடித்தார். அதனால்தான் அந்த மூன்று படங்களை இன்றும் வரிசையாக உட்கார்ந்து பார்க்க முடிகிறது. 2022இல் நிலை என்ன? மார்ச்சில் ராபர்ட் பாட்டின்சன் ஒரு பேட்மேன். அடுத்த வருடத்துக்கு அறிவித்திருந்த ‘தி ஃபிளாஷ்’ படத்தில் பென் அஃப்ளெக், மைக்கேல் கீட்டன் என்று இன்னும் இருவர். கீட்டன் நடித்த ‘பேட்கேர்ள்’ ஏறக்குறைய முடிந்த நிலையில், சுமார் ஒன்பது கோடி டாலர் செலவான பிறகு, ஆகஸ்டில் வெளியிடவே மாட்டோம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதில் நாயகியாக நடித்த லெஸ்லி கிரேஸ் என்ற பெண்ணை நினைத்தால் வயிறு எரிகிறது.

கேவிலின் படங்கள் ஒன்றும் நல்ல படங்கள் இல்லையே என்று சிலர் சொல்கிறார்கள். ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ முடிவில் சூப்பர்மேன் சாட் என்ற வில்லனின் கழுத்தை முறித்தது எனக்கும் பிடிக்கவில்லை. நகரத்தையே அப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக? தொடக்கம் சரியில்லை என்றால் அடுத்த படத்தில் திருத்துங்கள். அந்த நடிகருக்கு ஒரு நல்ல கதையை ஒருமுறையாவது கையில் கொடுத்தீர்களா?

இராமாயணத்தை எத்தனை பேர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அது தவறா என்று கேட்ட நண்பருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் அம்மாவின் ஊர் செய்யாற்றுக்குப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைப்பார்கள். எல்லோருக்கும் கதை தெரியும். போன தடவை பார்த்தவர்களேதான் இந்தத் தடவையும் பாயோடு வந்து உட்காருவார்கள். பீமன் வேடம் கட்டுகிறவர் மாறியிருப்பார். யாரும் முகம் சுளிப்பதில்லை. கடைசி நாள் காலை படுகளம். மைதானத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், நான் சிறுமியாக இருந்தபோது அவன் கால் கட்டைவிரல் என் தலையைவிடப் பெரியது. பீமன் வந்து தொடையில் அடித்து, திரௌபதி கூந்தலை முடிந்த பிறகுதான் ஊர் கலையும். நடுவில், பத்தாம் இரவில், இந்தப் பீமன் சரியில்லை, நாளை முதல் புதுப் பீமனை வைத்து வில் வளைப்பிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று எந்த வாத்தியாராவது அறிவித்ததுண்டா? அறிவித்தால் ஊர் அவரை விட்டுவைக்குமா? திரௌபதியின் கூந்தலை விரித்துவிட்டவருக்கு அதை முடிக்கும் பொறுப்பும் உண்டு. திரும்பச் சொல்வது வேறு, பாதியில் விடுவது வேறு.

காமிக்ஸிலேயே எல்லாவற்றையும் அழித்துத் தொடங்கியிருக்கிறார்களே என்று அடுத்துக் கேட்பார்கள். 1986இல் சூப்பர்மேனைப் புதிதாகத் தொடங்கியது உண்மை. அதற்கு முன் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய சூப்பர்மேனுக்கு ஒரு கடைசிக் கதை எழுதச் சொன்னார்கள். ஆலன் மூர் எழுதினார். பல பத்தாண்டுகளாகச் சூப்பர்மேனை வரைந்த கர்ட் ஸ்வானையே வரையச் சொன்னார்கள். இரண்டு இதழ்களில் அந்தப் பழைய உலகத்துக்கு வாசல்வரை வந்து விடைகொடுத்தார்கள். அன்று, அதே டிசி நிறுவனத்துக்கு அந்த நாகரிகம் இருந்தது.

இருந்தது என்று சொல்லும்போதே கை தயங்குகிறது. 1938இல் வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்த பையன்கள். 1975இல், அவர்கள் முதுமையில் வாய்விட்டுப் பேசிய பிறகுதான், ஆளுக்கு வருடம் 20,000 டாலர் உதவித்தொகை கிடைத்தது. உருவாக்கியவனுக்கே அவ்வளவுதான் என்றால் நடித்தவனுக்கு என்ன, பார்க்கிறவனுக்கு என்ன. இதை யோசிக்க யோசிக்க நான் எதற்காகக் கோபப்படுகிறேன் என்பதே மாறிக்கொண்டு வருகிறது.

‘நாற்பத்தைந்து வயதில் உனக்கு இதெல்லாம் தேவையா?’ என்று வீட்டிலேயே கேட்டாயிற்று. தேவைதான். வாடகைக்கு டெக் எடுத்து வந்து கிறிஸ்டோபர் ரீவ் நடித்த சூப்பர்மேன் படத்தை எனக்கும் அண்ணனுக்கும் போட்டுக்காட்டியவர் என் அப்பா. ரீவ் பறந்தபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். அப்பா இல்லை, அண்ணன் வெளிநாட்டில், அவன் மகனோடு நான் அந்த இருட்டில் உட்கார்வதற்கு வேறு காரணம் ஒன்றும் எனக்கு வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் பார்க்காதே என்று சொல்கிறவர்கள், நான் பார்த்துவிட்டேன் என்பதை மறந்துவிடுகிறார்கள். பார்த்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அந்த நிறுவனம் எனக்கு நேரில் எந்த வாக்கும் தரவில்லை என்பதும் தெரியும். ஆனால் திரும்பி வருகிறார் பார் என்று அந்தப் பையனிடம் சொன்னது நான். 2013இல் சொன்னேன், 2017இல் சொன்னேன், 2021இல் இயக்குநர் ஸ்னைடரின் நான்கு மணி நேர ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தை வீட்டில் பார்த்தபோதும் சொன்னேன். செய்தியையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் கோபப்படவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, அடுத்த முறை பெயர்ப்பட்டியல் தொடங்கியதும் எழுந்துவிடலாம் அத்தை, பாவம் அந்தத் துடைப்பக்கார அம்மாக்கள் நமக்காக நிற்கிறார்கள் என்றான்.

சரி என்றேன்.