டிராப் டி அல்ல, டிராப் சி

'டாக்சிசிட்டி' ஆல்பத்தின் பாடல்களைக் கிட்டாரில் வாசிக்க, தடித்த கம்பியை மட்டும் இறக்கும் 'டிராப் டி' சுருதி போதும் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. போதாது. அமெரிக்க மெட்டல் இசைக்குழு சிஸ்டம் ஆஃப் எ டவுனின் இந்த இரண்டாவது ஆல்பத்துக்கு (2001) வேண்டியது 'டிராப் சி' சுருதி. வழக்கமான சுருதியிலிருந்து ஆறு கம்பியையும் இரண்டு பிரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கட்டை; ஒன்றுக்கு அரைச் சுரம்) அளவு இறக்கி, தடித்ததை இன்னும் இரண்டு இறக்கணும். தடித்ததிலிருந்து வரிசையாக: சி, ஜி, சி, எஃப், ஏ, டி.

9-42 கம்பி (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில்) இதற்கு ஆகாது. தொளதொளத்துப் பிரெட்டில் பட்டுக் கறகறக்கும். அழுத்தி அடித்தால் சுருதி ஏறி இறங்கும். இன்னும் தடித்த 11-54 போடுங்கள். சுருதி கூட்டும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் கட்டை) பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பென்சில் கரி தடவுங்கள், அப்படியும் சிக்கினால் பள்ளத்தைக் கொஞ்சம் அராவணும். பிறகு பன்னிரண்டாம் பிரெட்டில் அழுத்திப் பாருங்கள். வெறுங்கம்பியின் மேல் ஸ்தாயியைவிடச் சுருதி கூடினால் சேடலை (கிட்டாரின் உடலில் கம்பி படியும் துண்டு) பின்னுக்குத் தள்ளணும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தகரக் கூரைத் தோட்ட மண்டபங்களில் பயிற்சி செய்யும் தம்பிகளே, ஆம்ப்பின் கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் திருகு) பாதியாகக் குறையுங்கள். இந்த ஆல்பத்தின் 'சாப் சூயி' பாடலின் ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) உயிரே சட்டென்று நிற்கும் அந்த மௌனம்தான். கெய்ன் கூடினால் இரைச்சல் அதை விழுங்கிவிடும். உள்ளங்கையால் கம்பியை உடனே அடக்குங்கள்.

ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'ஏரியல்ஸ்' முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். அதன் பின்னே இசைக்கலைஞர் ஆர்ட்டோ துன்ச்போயாஜியனோடு சேர்ந்த ஆர்மீனிய இசை ஒளிந்திருக்கிறது, அத்தனை அழகு!