எபிசென்டர் தௌலா குவான் என்றால் மற்ற ஏரியாவெல்லாம் பத்திரமா?

2025 பிப்ரவரி 17 விடிகாலை டெல்லியை உலுக்கிய 4.0 அளவு நிலநடுக்கத்துக்கு எபிசென்டர் தௌலா குவான், அதனால் நிலநடுக்கத்துக்குக் காரணமான பாறை நகர்வும் அங்கே தரைமட்டத்தில்தான், டெல்லியின் இன்னொரு பகுதியான மயூர் விஹாரில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பாறை நகர்ந்தது சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில்; அந்த இடம் ஃபோகஸ். அதற்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளிதான் எபிசென்டர், அவ்வளவுதான், சேதம் அங்கேயே நின்றுவிடும் என்று யார் சொன்னது? 2001 குஜராத் நிலநடுக்கத்தின் எபிசென்டர் புஜ் பக்கம், ஆனால் 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிற அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து ஜனங்கள் செத்தார்கள். அப்புறம், மயூர் விஹார் நிற்பதே யமுனையின் வண்டல் மேல். இளகிய மண்ணில் அதிர்வு கூடத்தான் செய்யும். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.